கால் அங்குலம் எங்கே போகிறது?

துண்டுத் துணிகளை இணைத்துக் குயில்ட் போர்வை தைக்கிறவர்களின் கேள்விகள் இம்முறை. கேள்விகள் வெவ்வேறாகத் தெரிந்தாலும் முக்கால்வாசி ஒரே இடத்தைத்தான் சுற்றி வருகின்றன: தையலுக்காக விடும் அந்தக் கால் அங்குல ஓரம்.

கேள்வி: இரண்டரை அங்குலச் சதுரங்கள் எட்டை வரிசையாகத் தைத்தேன். கணக்குப்படி 16 1/2 அங்குலம் வர வேண்டும், 16தான் வருகிறது. ஸ்கேல் வைத்துப் பார்த்தால் ஓரம் எல்லா இடத்திலும் 1/4 அங்குலம்தான் இருக்கிறது. அரை அங்குலம் எங்கே போனது?

பதில்: எட்டுச் சதுரத்துக்கு ஏழு தையல். ஒவ்வொரு தையலும் இரண்டு துண்டுகளிலிருந்து ஓரம் எடுத்துக்கொள்கிறது. ஆக 14 ஓரங்கள். அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். 14 ஆல் வகுத்தால் ஓர் ஓரத்துக்கு 0.9 மி.மீ. ஸ்கேலை வைத்துப் பார்த்தாலும் கண்ணுக்குச் சிக்காத அளவு இது. தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லை, வரிசையாகச் சேர்ந்தால் அரை அங்குலம்.

அதில் ஒரு பகுதியை மடிப்பு விழுங்கியிருக்கிறது. துணிக்குத் தடிமன் உண்டு, நூலுக்கும் உண்டு. தைத்த ஓரத்தை ஒரு பக்கம் சாய்த்து இஸ்திரி போடும்போது துணி தையலின் மேல் ஏறித் திரும்புகிறது. அந்தத் திருப்பத்துக்கு ஓரிரு இழை அகலம் செலவாகிறது. அதனால்தான் ஓரத்தைச் சரியாக 1/4 அங்குலம் வைத்துத் தைத்தவருக்கும் பிளாக் (துண்டுகளைச் சேர்த்து முடித்த ஒரு கட்டம்) சிறுத்துப்போகிறது. கால் அங்குலத்துக்கு ஓர் இழை, துணி தடித்திருந்தால் இரண்டு இழை குறைவாகத் தைக்க வேண்டும். மீதிக் குறைவு, துண்டு ஊசியிடம் போகும்போது மெல்ல வலப்பக்கம் விலகுவதால் வந்திருக்கும். அல்லது வெட்டும்போதே துண்டு சிறுத்திருக்கும். ஸ்கேலின் கோட்டுக்கும் ஒரு தடிமன் இருக்கிறது. கோட்டைத் துணியின் விளிம்புக்கு மேலே வைக்கிறீர்களா, விளிம்பை ஒட்டி வெளியே வைக்கிறீர்களா என்பதை ஒரு முறை முடிவு செய்துகொண்டு கடைசி வரை மாற்றாதீர்கள்.

இனி ஓரத்தை அளப்பதை விட்டுவிடுங்கள். தைத்து, இஸ்திரி போட்ட துண்டை அளங்கள். அதற்கு ஒரு சோதனை இருக்கிறது. போர்வைக்கு எடுத்த அதே துணியில் 1 1/2 அங்குல அகலம், ஆறு அங்குல நீளத்தில் மூன்று பட்டைகள் வெட்டுங்கள். வெட்டியதும் ஒவ்வொன்றும் 1 1/2 இருக்கிறதா என்று அளந்துவிடுங்கள். மூன்றையும் பக்கம் பக்கமாகத் தைத்து, இரண்டு ஓரங்களையும் வெளிப்பட்டைகளை நோக்கிச் சாய்த்து இஸ்திரி போட்டு, ஆற விட்டு, நடுப்பட்டையை நல்ல பக்கத்திலிருந்து அளங்கள். சரியாக 1 அங்குலம் இருக்க வேண்டும். மொத்தம் 3 1/2. நடுப்பட்டை 1/16 அங்குலம் குறைந்தால் ஒவ்வொரு தையலும் 1/32 அங்குலம் உள்ளே போகிறது என்று பொருள். துணி விளிம்பை ஒட்டி ஓட்டும் வழிகாட்டியை ஊசிப் பக்கம் அந்த அளவு நகர்த்தி மறுபடி தைத்துப் பாருங்கள். இரண்டு பட்டையில் ஏன் செய்யக் கூடாது என்றால், நடுப்பட்டைக்குத்தான் இரு பக்கமும் தையல். அதில்தான் பிழை இரட்டிப்பாகித் தெரியும்.

நூல் மாறினால், ஊசி மாறினால், துணி மாறினால் இந்தச் சோதனையை மறுபடி செய்ய வேண்டும். தடித்த நூல் மடிப்பில் அதிக இடம் பிடிக்கும். இணைப்புத் தையலுக்கு 50 எண் பருத்தி நூல், 80/12 ஊசி போதும்.

கேள்வி: என் மெஷினுக்குக் கால் அங்குல ஃபுட் (துணியை அழுத்திப் பிடிக்கும் பாதம்) கிடைக்கவில்லை. இருப்பதை வைத்துச் சமாளிக்க முடியுமா?

பதில்: தாராளமாக. அந்த ஃபுட் இருப்பவர்களுக்கும் மேலே சொன்ன சோதனை தேவைதான். ஃபுட்டில் அச்சிட்ட கால் அங்குலமும் உங்கள் துணிக்கு வேண்டிய கால் அங்குலமும் ஒன்றாக இருக்கும் என்று உறுதி கிடையாது.

ஃபுட்டைத் தூக்கிவிட்டு அடியில் கோடு போட்ட பிளாஸ்டிக் ஸ்கேலை வையுங்கள். கைச்சக்கரத்தை மெல்லச் சுற்றி, ஊசியின் முனை வலது விளிம்பிலிருந்து 1/4 அங்குலக் கோட்டைத் தொடும் வரை இறக்குங்கள். மோட்டாரில் இறக்க வேண்டாம், ஊசி முறியும். ஸ்கேல் கோணலாக இல்லாமல் ஊசித் தட்டின் கோடுகளுக்கு இணையாக இருக்கிறதா என்று பார்த்து, ஸ்கேலின் வலது விளிம்பை ஒட்டிக் காகித டேப்பை ஒட்டுங்கள். நான்கைந்து அடுக்கு ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினால் துணி இடித்து நிற்கும் ஒரு சின்னச் சுவர் கிடைக்கும். துணியை நகர்த்தும் பற்களின் மேல் டேப் ஏறக் கூடாது. ஊசிக்கு நேரே மட்டும் ஒட்டினால் பயன் குறைவு. முன்பக்கம் மூன்று அங்குலமாவது நீண்டிருக்கட்டும். தைக்கும்போது ஊசியைப் பார்க்காமல் துணி டேப்பைத் தொடும் இடத்தைப் பாருங்கள். ஊசியைப் பார்த்துத் தைப்பவரின் கோடு வளைந்துதான் போகும்.

ஊசியை இடம் வலம் நகர்த்தும் வசதி உள்ள மெஷின் என்றால், ஒரு படி வலப்பக்கம் நகர்த்தியே ஓர் இழையைக் குறைத்துவிடலாம். ஒன்றில் கவனம்: நேர்த் தையலுக்கான, ஒற்றைத் துளை உள்ள தட்டைப் போட்டிருக்கும்போது ஊசியை நகர்த்தினால் அது தட்டில் இடித்து ஒடியும்.

கேள்வி: ஆடைகளுக்கு 5/8 அங்குலம் விட்டுப் பழகியவள் நான். போர்வைக்கு 1/4 மட்டும் விட்டால் பிரிந்துவிடாதா?

பதில்: சட்டையின் தோள்பட்டைத் தையலை உடம்பு இழுத்துக்கொண்டே இருக்கிறது. போர்வையில் அந்த இழுவை இல்லை. மேல்துணி, நடுப்பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்த்துப் போடும் தையல் ஓரத்தையும் பிடித்துக்கொள்கிறது. 5/8 விட்டால் ஒரு சின்னச் சதுரத்தில் முக்கால் பங்கு உள்ளே மறைந்து, கனத்தில் ஊசி இறங்காது. நெருக்கமாக நெய்த பருத்திக்கு 1/4 போதும். தையல் நீளத்தை 2 முதல் 2.5 மி.மீ.க்குள் வையுங்கள்.

கேள்வி: ஓரத்தை ஒரு பக்கம் சாய்த்து இஸ்திரி போடுவதா, விரித்துப் போடுவதா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

பதில்: இரண்டும் சரி. எந்த இடத்தில் எது என்பதுதான் கேள்வி.

ஒரு பக்கம் சாய்ப்பதன் பெரிய லாபம் சந்திப்புகளில் தெரியும். முதல் வரிசையின் ஓரங்களை வலப்பக்கமும் அடுத்த வரிசையின் ஓரங்களை இடப்பக்கமும் சாய்த்தால், இரு வரிசைகளையும் நல்ல பக்கம் உள்ளே வைத்துச் சேர்க்கும்போது ஒரு மேடு இன்னொரு மேட்டின் அருகில் போய்ச் செருகிக்கொள்ளும். விரலால் தடவினாலே பூட்டிக்கொண்டது தெரியும், குண்டூசிகூட வேண்டாம். மேலே இருக்கும் ஓரம் ஊசியை நோக்கி இருக்கும்படி வைத்துத் தைத்தால் ஃபுட்டே அதைக் கீழ் ஓரத்தின் மீது தள்ளி நெருக்கிவிடும். நான்கு மூலைகள் ஒரு புள்ளியில் சந்திக்க இதைவிட எளிய வழி இல்லை. அதனால் சதுரங்களும் பட்டைகளும் மட்டும் உள்ள அமைப்பில் நாங்கள் சாய்ப்பதைத்தான் சொல்வோம். அடர்நிறத் துணியின் பக்கம் சாய்ப்பது வழக்கம். வெள்ளைத் துணியின் கீழே கறுப்பு ஓரம் இருந்தால் நிழல்போல் தெரியும். ஆனால் பூட்டுவதற்காக வெளிர் பக்கம் சாய்க்க வேண்டி வந்தால் தயங்க வேண்டாம். அடர்நிற ஓரத்தை ஓர் இழை குறைத்து நறுக்கிவிடுங்கள், வெளிர் ஓரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும்.

எட்டு முனைகள் ஒரு புள்ளியில் கூடும் நட்சத்திரம் வேறு கதை. எல்லா ஓரமும் ஒரே பக்கம் சாய்ந்தால் நடுவில் குமிழ்போல் ஒரு கட்டி எழும். அங்கே விரிப்பதுதான் நல்லது. விரித்த ஓரத்தில் இரு துணிகளையும் பிடித்திருப்பது நூல் மட்டும்தான் என்பதால், தையல் நீளத்தை 2 மி.மீ. அல்லது 1.8க்குக் குறையுங்கள். போர்வையைத் தையல் பள்ளத்திலேயே, அதாவது இரு துண்டுகள் சேரும் கோட்டிலேயே, ஓட்டித் தைக்கும் எண்ணம் இருந்தால் ஓரத்தை விரிக்காதீர்கள்: ஊசி துணியில் இறங்காமல் நூல் மேலேயே இறங்கி அதை அறுக்கும். சாய்த்த ஓரத்தில் மேடு ஒரு பக்கம், பள்ளம் ஒரு பக்கம் என்று இருக்கும். பள்ளமான பக்கத்தில் தைத்தால் கோடு மறைந்துவிடும்.

நான்கு சதுரச் சந்திப்பில் இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி உண்டு. கடைசித் தையலுக்குள் மாட்டிக்கொண்ட குறுக்குத் தையலின் ஓரப் பகுதியில் மட்டும், இரு பக்கமும் இரண்டு மூன்று தையல்களைப் பிரித்துவிட்டு, நான்கு ஓரங்களையும் காற்றாடி இறக்கைபோல் ஒரே சுற்றில் சாய்க்கலாம். நடுவில் குட்டியாக ஒரு நான்கு சதுரம் முளைக்கும். கனம் நான்கு பக்கமும் பிரிந்துவிடும்.

எதைச் செய்தாலும் வரிசை ஒன்றுதான். முதலில் தைத்தபடியே, விரிக்காமல், தையல் கோட்டின் மேல் இஸ்திரிப் பெட்டியை வைத்து எடுங்கள். நூல் துணிக்குள் அமிழும். பிறகு மேல் துண்டைத் திருப்பி, நல்ல பக்கத்திலிருந்து பெட்டியின் விளிம்பால் தையலை அழுத்துங்கள். பெட்டியைத் தூக்கித் தூக்கி வைக்க வேண்டும். சட்டைக்குத் தேய்ப்பதுபோல் இழுத்துத் தேய்த்தால் துண்டு வில்லாக வளையும். தையலை ஒட்டி ஒரு மெல்லிய மடிப்பு மிச்சம் நின்றாலும் போச்சு, அளவு குறையும். கணக்குச் சரியாகத் தைத்தும் பிளாக் சிறுக்கிறது என்பவர்கள் முதலில் இந்த மடிப்பைத் தேடுங்கள்.

கேள்வி: முக்கோணங்களின் முனை எனக்கு எப்போதும் வெட்டுப்பட்டுவிடுகிறது.

பதில்: முனைக்கு மேலே கால் அங்குலத் துணி இருந்தால்தான் அடுத்த தையல் முனையைத் தொட்டுக்கொண்டு போகும். இஸ்திரி போட்ட பிளாக்கில் முனையிலிருந்து வெளி விளிம்பு வரை அளந்து பாருங்கள். 1/4க்குக் குறைவாக இருந்தால் எவ்வளவு கவனமாகத் தைத்தாலும் முனை போய்விடும். தவறு அதற்கு முந்தைய படியில்.

இருந்தும் வெட்டுப்பட்டால், அடுத்த துண்டோடு சேர்க்கும்போது முக்கோணம் உள்ள பிளாக் மேலே இருக்கும்படி வையுங்கள். உட்பக்கத்தில் இரண்டு தையல்கள் குறுக்கிட்டு ஒரு எக்ஸ் வடிவம் தெரியும். ஊசி அந்தக் குறுக்குப் புள்ளியில், அல்லது ஓரிழை விளிம்புப் பக்கமாக இறங்க வேண்டும். அங்கே மட்டும் டேப்பை மறந்துவிட்டு அந்தப் புள்ளியைப் பின்தொடருங்கள்.

வெட்டும் கணக்கும் முக்கியம். சதுரத்துக்கு முடிந்த அளவோடு (தைத்து முடித்தபின் வெளியே தெரியும் அளவு) 1/2 அங்குலம் கூட்டினால் போதும். மூலைவிட்டத்தில் இரண்டாக வெட்டும் முக்கோணத்துக்கு 7/8 அங்குலம் கூட்ட வேண்டும். நான்காக வெட்டும் முக்கோணத்துக்கு 1 1/4. ஏன் இந்த விநோத எண்கள் என்று பலர் கேட்கிறார்கள். முக்கோணத்தின் கூர்முனையில் ஓரம் சாய்வாக ஓடுவதால் அங்கே கூடுதல் நீளம் தேவைப்படுகிறது. தையல் ஓரத்தை 3.414 ஆல் பெருக்கினால் முதல் எண். கால் அங்குலத்துக்கு 0.854, அதாவது 7/8க்குப் பக்கம். 4.828 ஆல் பெருக்கினால் இரண்டாவது எண்; 1.207, அதை 1 1/4 ஆக்கிக்கொள்கிறோம்.

பழக்கம் வரும் வரை இன்னொரு முறை நிம்மதியானது. முடிந்த அளவோடு ஒரு முழு அங்குலம் கூட்டி இரண்டு சதுரங்கள் வெட்டுங்கள். 3 அங்குலம் வேண்டுமானால் 4 அங்குலச் சதுரம். நல்ல பக்கங்களை உள்ளே வைத்து, மூலைவிட்டக் கோடு போட்டு, கோட்டின் இரு பக்கமும் 1/4 அங்குலம் தள்ளித் தைத்து, கோட்டில் வெட்டி, இஸ்திரி போட்டபின், ஸ்கேலின் 45 பாகைக் கோட்டைத் தையலின் மேல் வைத்து 3 1/2 ஆக நறுக்குங்கள். கொஞ்சம் துணி வீணாகும். பிரிக்கும் வேலை மிச்சம். துண்டின் கிராஸ் விளிம்பும் (இழைக்குச் சாய்வாக ஓடும் விளிம்பு) தைத்தபிறகே வெட்டுப்படுவதால் இழுபடாது. வெளியே நீட்டும் நாய்க்காது போன்ற முனைகளையும் அப்போதே நறுக்கிவிடுங்கள்; விட்டுவைத்தால் அடுத்த துண்டைச் சேர்க்கும்போது அதை விளிம்பு என்று கண் நம்பிவிடும்.

கேள்வி: வடிவக் குறிப்பு அங்குலத்தில் இருக்கிறது, என் ஸ்கேல் சென்டிமீட்டர். மாற்றிக்கொள்ளலாமா?

பதில்: பாதியில் மாற்றாதீர்கள். 1/4 அங்குலம் 6.35 மி.மீ.; சென்டிமீட்டர் வடிவங்களில் வழக்கமாக 7.5 மி.மீ. ஓரம் விடுவார்கள், இரு பக்கமும் சேர்த்து 1.5 செ.மீ. என்று கூட்ட வசதியாக. ஒன்றின் அளவில் வெட்டி இன்னொன்றின் ஓரத்தில் தைத்தால் ஒவ்வொரு தையலிலும் 2 மி.மீ.க்கு மேல் பிசகும். முடிந்த அளவுகளை மட்டும் மாற்றிக்கொண்டு, ஓரத்தைப் புதிதாகக் கூட்டுங்கள்.

கேள்வி: துவைத்துத் துவைத்து மெலிந்த பழைய பருத்தித் துணிகளில் தைக்க ஆசை. வெட்டிய உடனே விளிம்பில் நூல் பிரிகிறது.

பதில்: அதில் கால் அங்குலம் ஆபத்துதான். விளிம்பில் நாலைந்து இழை உதிர்ந்தாலே பிடிமானம் பாதியாகும். 3/8 அங்குலம் விடுங்கள். அப்போது சதுரத்துக்கு 1/2க்குப் பதில் 3/4, இரண்டாக வெட்டும் முக்கோணத்துக்கு மேலே சொன்ன பெருக்கல்படி 1 5/16 கூட்ட வேண்டும். புதுத்துணியும் பழையதும் கலந்த போர்வை என்றால் எல்லாத் துண்டுகளுக்கும் 3/8 வையுங்கள். துணிக்கொரு ஓரம் என்றால் பிழை நிச்சயம். வெட்டும் முன் கஞ்சி போட்டு, காய்ந்தபின் இஸ்திரி போடுங்கள். இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும், கிராஸ் விளிம்பும் இழுபடாது. கஞ்சி போடும்போது துணி சுருங்கலாம் என்பதால், வெட்டியபின் போடவே கூடாது.

கேள்வி: கையால் தைக்கிறேன். எனக்கும் இந்த ஓர் இழைக் கணக்கு உண்டா?

பதில்: கவலையே இல்லை. உட்பக்கத்தில் தையல் கோட்டையே வரைந்துகொண்டு தைப்பதால் ஓரம் 1/4 ஆக இருந்தாலும் 3/8 ஆக இருந்தாலும் அளவு மாறாது. மெஷினில் விளிம்பு முதல் விளிம்பு வரை தைப்பார்கள். நீங்கள் ஒரு மூலைப் புள்ளியில் தொடங்கி மறு புள்ளியில் நிறுத்துங்கள், ஓரத்தைத் தைக்காமல் விடுங்கள். இரு முனையிலும் ஒரு பின் தையல். குறுக்கே ஓர் ஓரம் வந்தால் அதைத் தைத்து அமுக்காமல், அதன் அடிவாரத்தில் ஊசியை மறுபக்கம் நுழைத்துத் தொடருங்கள். அப்போதுதான் கடைசியில் ஓரங்களை விரும்பிய பக்கம் சாய்க்க முடியும். மூன்று துண்டுகள் ஒய் வடிவில் சேரும் இடங்களில் மெஷின்காரர்கள் படும் பாடு உங்களுக்கு இல்லை. ஓட்டுத் தையல் மெஷின் தையலைவிடத் தளர்வானது, அதனால் ஓரத்தை விரிக்காமல் சாய்த்துவிடுங்கள்.

கேள்வி: பிளாக்குகள் எல்லாம் தைத்து முடித்துவிட்டேன். 12 1/2 வர வேண்டியது 12 3/8 இருக்கிறது, சில 12 1/4. பிரிக்கத்தான் வேண்டுமா?

பதில்: எல்லாமே ஒரே அளவில் குறைந்திருந்தால் பிரிக்காதீர்கள். பிளாக்குகளுக்கு நடுவே வரும் இடைப்பட்டைகளை அந்த அளவுக்கு வெட்டிக்கொண்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. உங்களுக்கு இரண்டு அளவுகள் இருப்பதால், இரண்டுக்கும் வித்தியாசம் 1/8 அங்குலம்தான் என்பதைக் கொண்டு தப்பிக்கலாம். பெரிய பிளாக் கீழே, சிறியது மேலே இருக்கும்படி வைத்து, இரு முனைகளையும் சந்திப்புகளையும் முதலில் குண்டூசியால் பிடித்து, இடையில் நெருக்கமாகக் குத்தித் தையுங்கள். பற்கள் கீழ்த்துணியைக் கொஞ்சம் அதிகமாக உள்ளே இழுப்பதால் அந்த 1/8 சுருக்கம் விழாமல் அடங்கிவிடும். பன்னிரண்டு அங்குலத்தில் அதற்கு மேல் அடங்காது. ஆவி போட்டு இழுத்துப் பெரிதாக்க முயல வேண்டாம், துவைத்ததும் பழைய அளவுக்கே போகும். பெரியவற்றை நறுக்கிச் சின்னதாக்கவும் வேண்டாம். நறுக்குவது முனைகளுக்கான கால் அங்குலத்தைத்தான்.

பிரித்தே ஆக வேண்டும் என்றால் ஒரு பக்க நூலில் மூன்று நான்கு தையலுக்கு ஒன்றாக அறுத்துக்கொண்டே போய், மறுபக்க நூலை உருவி எடுங்கள். துண்டுகளைப் பிடித்து இழுத்தால் ஓரம் பிரிந்து, மறுபடி தைக்கக் கால் அங்குலமே மிஞ்சாது.

கேள்வி: தையலின் தொடக்கத்தில் மெஷின் துணியைக் கவ்வி உள்ளே இழுக்கிறது, கடைசி அரை அங்குலத்தில் துணி திரும்புகிறது.

பதில்: ஒரு துண்டுக் கழிவுத் துணியில் தைக்கத் தொடங்கி, நூலை அறுக்காமல் அதைத் தொடர்ந்து உங்கள் துண்டுகளைக் கொடுங்கள். முடிவிலும் ஒரு கழிவுத் துணி. கடைசி அரை அங்குலத்தை விரலுக்குப் பதில் கூரான குச்சியாலோ சீம் ரிப்பரின் (தையல் பிரிக்கும் கருவி) பின்புறத்தாலோ பிடித்து நேராகச் செலுத்துங்கள். ஊசித் துளை அகலமாக இருந்தால் ஒற்றைத் துளைத் தட்டு பெரிய உதவி.

கேள்வி: போர்வையின் நான்கு வெளி விளிம்புக்கும் இதே ஓரம்தானா?

பதில்: அதே 1/4தான், விளிம்பை மூடித் தைக்கும் பட்டையான பைப்பிங் அதைத்தான் எடுத்துக்கொள்ளும். விளிம்பில் முக்கோண முனைகள் இருக்கும் அமைப்பில் மூன்று அடுக்கையும் தைத்தபின் விளிம்பைச் சமன்படுத்தும்போது ஸ்கேலின் 1/4 கோட்டை முனைகளின் மேல் வைத்து வெட்டுங்கள். பஞ்சு விளிம்பைப் பார்த்து வெட்டினால் முனைகள் பைப்பிங்குக்குள் போய்விடும். விளிம்பு வரை ஓடும் தையல்கள் கையாளும்போது வாயைத் திறக்கும். மேல்துணி முழுதும் இணைத்து முடித்த அன்றே, விளிம்பிலிருந்து 1/8 அங்குலத்தில் சுற்றிலும் ஒரு நேர்த் தையல் ஓட்டிவிடுங்கள். பைப்பிங்குக்குள் அது மறைந்துவிடும்.